மனநல மருத்துவரா, தெரபிஸ்ட்டா? நமக்கு ஒத்துவருபவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி இதுதான்: "நாலு மாதமாகத் தூக்கம் சரியில்லை, எதிலும் பிடிப்பு இல்லை, காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கிறது. ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். 12 நாள் போட்டேன், வயிற்றைப் புரட்டியதுதான் மிச்சம், நிறுத்திவிட்டேன். அப்புறம் ஒரு தெரபிஸ்ட்டிடம் 5 முறை போனேன். நல்ல மனுஷர்தான். ஆனால் நான் பேசுகிறேன், அவர் கேட்கிறார், அவ்வளவுதான். சரியான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?"

நான் மருத்துவ உளவியலாளர், அதாவது மாத்திரை எழுதாத கட்சி. எதிர் நாற்காலியில் பல வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா? எப்படிச் செய்வது என்று மனசு கணக்குப் போடுகிறதா? ஆம் என்றால் கீழே எழுதியிருக்கிற எதுவும் இப்போது வேண்டாம். பொருத்தமான ஆளைத் தேடுகிற நேரம் இதுவல்ல. அருகில் இருக்கிற மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு, நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு இன்றைக்கே போங்கள். யார் பணியில் இருக்கிறாரோ அவர்தான் இன்றைக்குச் சரியான ஆள். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இல்லை என்றால் மேலே படியுங்கள்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது, இரண்டு இடத்திலிருந்தும் நீங்கள் சத்தமில்லாமல் வெளியே வந்திருப்பதுதான். மருத்துவருக்கு வயிற்றுப் புரட்டல் தெரியாது. தெரபிஸ்ட்டுக்கு "அவ்வளவுதான்" என்பது தெரியாது. உங்களைக் குறை சொல்லவில்லை, முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் எனக்குத் தெரிந்தவரை, சரியான ஆளைத் தேடுவதில் பாதி வேலை அந்த அறைக்குள்ளேதான் நடக்கிறது. "இது எனக்கு ஒத்துவரவில்லை" என்று நாம் சொன்னதும் எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்க்கும் வரை, அவர் நமக்கு ஏற்றவரா இல்லையா என்பது தெரியவே தெரியாது.

முதலில் யார் யார் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர். நோயைக் கணிப்பார், மாத்திரை எழுதுவார், தேவைப்பட்டால் மருத்துவமனையில் சேர்ப்பார். உளவியலாளர் மருத்துவம் படித்தவர் அல்ல, பேச்சு சிகிச்சையிலும் உளவியல் பரிசோதனைகளிலும் பயிற்சி பெற்றவர். தெரபிஸ்ட், கவுன்சிலர் என்ற பெயர்களில்தான் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். பல நாடுகளில் அந்தச் சொற்களை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம், சட்டம் தடுக்காது. அதனால் "என்ன படித்தீர்கள், எந்த அமைப்பில் பதிவு செய்திருக்கிறீர்கள், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி எடுத்தீர்கள்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. முறையாகப் படித்தவருக்கு இந்தக் கேள்வி உறுத்தாது. உறுத்துகிறது என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

முதலில் எந்தக் கதவைத் தட்டுவது? நாள் கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பிட முடியவில்லை, யாருமில்லாத இடத்தில் குரல் கேட்கிறது, எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாகத் தோன்றுகிறது, இல்லாவிட்டால் தூங்காமலே பல நாள் அபார உற்சாகம், கட்டுக்கடங்காத செலவு, நிற்காத பேச்சு, குழந்தை பிறந்த பிறகு ஆளே மாறிப்போனது: இவை எல்லாம் மனநல மருத்துவரிடம் முதலில் போக வேண்டியவை. இழப்பு, உறவுச் சிக்கல், ஒரு குறிப்பிட்ட பயம், வேலை செய்ய முடிகிற அளவுக்கான சோர்வு போன்றவற்றுக்குப் பேச்சு சிகிச்சையிலேயே தொடங்கலாம். நடுத்தரத்துக்கு மேற்பட்ட மனச்சோர்வு என்றால் இரண்டும் சேர்ந்தே நடப்பது நல்லது. மாத்திரை மட்டும், பேச்சு மட்டும் என்பதைவிட இரண்டும் சேரும்போது பலன் கூடுகிறது என்பது திரும்பத் திரும்ப ஆய்வுகளில் வந்திருக்கிறது. "மாத்திரையா தெரபியா" என்று இரண்டு அணி பிரித்துச் சண்டை போடுவது ஆரோக்கியமாக இருக்கிறவர்களின் பொழுதுபோக்கு.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. தூக்கம் கெடுவது, படபடப்பு, சோர்வு எல்லாம் தைராய்டு தாறுமாறானாலும் வரும். ரத்தசோகையிலும் பி12 குறைபாட்டிலும்கூட இதில் சில வரும். ரத்தப் பரிசோதனை எதுவும் இதுவரை எடுக்கவில்லை என்றால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

சரி, அந்தப் பத்து நிமிட மருத்துவர். பத்து நிமிடம் என்பது முதல் சந்திப்புக்குக் குறைவுதான். ஆனால் நான் கடிகாரத்தைவிடக் கேள்விகளைத்தான் பார்ப்பேன். மனச்சோர்வு என்று போகிறவரிடம் நல்ல மனநல மருத்துவர் தவறாமல் கேட்கிற ஒரு கேள்வி உண்டு: "இதற்கு நேர்மாறாக, தூக்கமே தேவைப்படாமல் ஜிவ்வென்று இருந்த நாட்கள் எப்போதாவது உண்டா? குடும்பத்தில் யாருக்காவது?" சும்மா கேட்பதில்லை. பைபோலார் என்கிற இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால், அது அவரை மறுமுனைக்குத் தூக்கி எறிந்துவிடக்கூடும். அதேபோல் வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள், மது உண்டா, தற்கொலை எண்ணம் உண்டா, பெண் என்றால் கர்ப்பமா, கர்ப்பத்துக்குத் திட்டமா என்றும் கேட்டிருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் இவ்வளவும் கேட்டுவிட்டார் என்றால் அவர் வேகமானவர், அவ்வளவுதான். எதையும் கேட்காமல் எழுதினார் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

அவர் செய்யாமல் விட்டது ஒன்று எனக்கு நன்றாகவே தெரிகிறது. அவர் எழுதியது மனச்சோர்வு மாத்திரையாகத்தான் இருக்கும். இந்த வகை மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே பொதுவாக 2 முதல் 4 வாரம் பிடிக்கும், முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரம்கூட ஆகலாம். பக்கவிளைவோ முதல் நாளிலிருந்தே வரும், வயிற்றுப் புரட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். ஆக, நீங்கள் 12ஆம் நாள் நிறுத்தியபோது கசப்பையெல்லாம் குடித்து முடித்துவிட்டுப் பலன் வரும் முன்பே எழுந்து வந்திருக்கிறீர்கள். இதை முதல் நாளே அவர் சொல்லியிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பீர்கள், அல்லது அவரைக் கூப்பிட்டு டோஸைக் குறைக்கக் கேட்டிருப்பீர்கள். பல வாரம் எடுத்த மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், மின்சாரம் தொட்டதுபோல் தலைக்குள் ஒரு சொடுக்கு எல்லாம் வரக்கூடும் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த முறை நிறுத்துவதானால் அவரிடம் சொல்லி, படிப்படியாகத்தான்.

முதல் மாத்திரையே பொருந்தவில்லை என்றாலும் அது மருத்துவரின் தோல்வி ஆகிவிடாது. அமெரிக்காவில் மனச்சோர்வு மருந்துகள் பற்றி நடந்த ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வின் முடிவுகள் 2006இல் வந்தன. முதல் மருந்திலேயே அறிகுறிகள் முழுசாக அடங்கியவர்கள் சுமார் மூன்றில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு மாற்றியும் சேர்த்தும்தான் பார்க்க வேண்டியிருந்தது. எனவே மனநல மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது "முதல் தடவையே சரியாக எழுதுவாரா?" என்பது உதவாத கேள்வி. எழுதியது சரிவரவில்லை என்று போனால் காது கொடுத்துக் கேட்டு மாற்றுவாரா, நடுவில் பிரச்சினை வந்தால் அவரையோ அவருடைய உதவியாளரையோ எட்ட முடியுமா என்று பாருங்கள்.

என்னிடம் வருகிறவர்கள் மனநல மருத்துவரிடம் போகும்போது ஒரு துண்டுச் சீட்டு எடுத்துப்போகச் சொல்வேன். கட்டுரை வேண்டாம், ஏழெட்டு வரி போதும். உங்களுடையது இப்படி இருக்கலாம்: "நாலு மாதம். படுத்தால் இரண்டு மணி நேரம் தூக்கம் வராது, விடிகாலை நாலுக்கு விழிப்பு. வாரத்தில் மூன்று நாள் படபடப்பு, பத்து நிமிடத்தில் அடங்கும். எடை குறைந்திருக்கிறது. இந்த மாத்திரை, இத்தனை மில்லிகிராம், 12 நாள், குமட்டலால் நிறுத்தினேன். குடும்பத்தில் இன்னாருக்கு இது இருந்தது. என் பயம்: மாத்திரைக்கு அடிமையாகிவிடுவேனோ." அந்தக் கடைசி வரியை எல்லாரும் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். எழுதி மேசைமேல் வையுங்கள். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளுக்குப் பழக்கமாகிவிடும் தன்மை உண்டுதான், மனச்சோர்வு மாத்திரைகளின் கதை வேறு. எது எந்த வகை, எத்தனை நாளைக்கு என்று விளக்குகிற மருத்துவரை விட்டுவிடாதீர்கள்.

இனி தெரபிஸ்ட். இங்கேதான் பொருத்தம் என்ற பேச்சே தொடங்குகிறது.

எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் ஒரு விஷயத்தை எழுதினார். சிகிச்சையாளருக்கும் வருகிறவருக்கும் நடுவில் இருக்கிற உறவை மூன்றாகப் பிரிக்கலாம் என்றார்: ஒருவர்மேல் ஒருவருக்கு உள்ள நம்பிக்கை, எங்கே போகிறோம் என்பதில் உடன்பாடு, போவதற்கு என்ன செய்கிறோம் என்பதில் உடன்பாடு. இதைவிட எளிமையான உரைகல் எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் தெரபிஸ்ட்டை இதில் உரசிப் பாருங்கள். நல்ல மனுஷர் என்கிறீர்கள், ஆக முதலாவது இருக்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் பற்றி நீங்கள் இருவரும் பேசியதே இல்லை போலிருக்கிறது. ஆளை மாற்ற வேண்டும் என்று இதிலிருந்து உடனே முடிவு கட்டிவிட முடியாது, அந்தப் பேச்சு இன்னும் நடக்கவில்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

"அவருக்கே தெரிய வேண்டாமா?" என்று கேட்பீர்கள். தெரியாது. எங்கள் தொழிலுக்கு இது கொஞ்சம் வெட்கக்கேடான விஷயம்தான். 2005இல் வெளிவந்த ஒரு ஆய்வில், சிகிச்சையில் இருந்த 550 பேரில் யார் யார் மோசமாகப் போவார்கள் என்று அவரவர் தெரபிஸ்ட்டையே கணிக்கச் சொன்னார்கள். கடைசியில் மோசமானவர்கள் 40 பேர். தெரபிஸ்ட்டுகள் மொத்தமாகச் சுட்டிக்காட்டியதே 3 பேரை, அதிலும் சரியாக இருந்தது ஒன்றே ஒன்று. எதிரில் இருப்பவர் முகத்தைப் படித்தே எல்லாம் புரிந்துகொள்வார் என்று நம்பி யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது, நான் உட்பட.

ஒருமுறை ஒருவர் ஏழாவது சந்திப்பு முடிந்து எழுந்து, கதவின் கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நீங்கள் 'ம்ம்' போடும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வருது." எங்கள் தொழிலில் கதவருகே சொல்லப்படுவதற்குத் தனி மரியாதை உண்டு, உள்ளே ஐம்பது நிமிடம் சொல்ல முடியாதது அங்கேதான் வெளியே விழும். அடுத்த வாரம் அதிலிருந்தே ஆரம்பித்தோம். அவர் வீட்டில் யார் எதைச் சொன்னாலும் அப்பாவிடமிருந்து வந்த ஒரே பதில் அந்த "ம்ம்" தானாம். ஏழு வாரமாக நான் கவனமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு போட்ட சத்தம், அவருக்கு "உன் பேச்சு போதும்" என்று கேட்டிருக்கிறது. அவர் மட்டும் எட்டாவது வாரம் வராமல் போயிருந்தால், "அவருக்குத் தெரபி ஒத்துவரவில்லை" என்று நானும், "இந்தாள் சரியில்லை" என்று அவரும் முடிவு கட்டியிருப்போம்.

அடுத்து, உங்கள் சிக்கலுக்கு என்ன முறை என்பது. மனம் விட்டுப் பேசுவது எல்லாவற்றுக்கும் போதாது. உங்களுக்கு நாலு மாதமாகத் தூக்கம் இல்லை. மூன்று மாதம் தாண்டினால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்போம். அதற்கென்றே மாத்திரை இல்லாத ஒரு சிகிச்சை உண்டு, சிபிடி-ஐ என்பார்கள். படுக்கையில் கிடக்கிற நேரத்தையே கறாராகக் குறைத்து, தூக்கத்தை மறுபடி ஒழுங்குக்குக் கொண்டுவருவது அதில் ஒரு பகுதி. முதல் வாரம் கடுப்பாக இருக்கும். அமெரிக்க மருத்துவர் கழகம் 2016இல் பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் இதைத்தான் பரிந்துரைத்தது. உங்கள் தெரபிஸ்ட்டுக்கு இது தெரியுமா என்று கேட்டீர்களா?

படபடப்பு பேனிக் அட்டாக்தான், அதாவது திடீரென்று எழும் கடும் பயம்தான் என்று உறுதியானால், அதில் பயிற்சி உள்ளவர் உங்களைச் சுழல் நாற்காலியில் சுற்றவைப்பார், மெல்லிய குழாய் வழியாக மூச்சுவிடச் சொல்வார். இதயம் அடித்துக்கொள்வதும் தலை சுற்றுவதும் ஆபத்தில்லை என்று உடம்புக்கே கற்றுக்கொடுக்கிற வேலை அது. ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணமும் அதை அடக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதுமான கோளாறு என்றால் இன்னும் கறார். "கதவைப் பூட்டினேனா?" என்று நூறு முறை பார்க்கிறவரிடம் "பூட்டியிருப்பீர்கள், கவலைப்படாதீர்கள்" என்று வாராவாரம் ஆறுதல் சொல்கிற அன்பான தெரபிஸ்ட், தெரியாமலே நோய்க்குத் தீனி போடுகிறார். பயத்தை எதிர்கொள்ள வைத்து, திரும்பிப் போய்ப் பார்ப்பதைத் தடுக்கிற ஈஆர்பி முறை தெரிந்தவர்தான் அங்கே வேண்டும். கோரமான அனுபவங்களின் நினைவு துரத்துகிறது என்றால் அதற்கான தனிப் பயிற்சி உள்ளவர். கையை அறுத்துக்கொள்வது, நொடியில் மாறும் கொந்தளிப்பு என்றால் மார்ஷா லைனஹன் என்ற உளவியலாளர் உருவாக்கிய டிபிடி என்கிற பேச்சு சிகிச்சை தெரிந்தவர். போனிலேயே ஒரு வரி கேட்டுவிடலாம்: "எனக்கு இன்ன பிரச்சினை. இதற்கு நீங்கள் வழக்கமாக என்ன செய்வீர்கள்?" "எல்லாவற்றையும் பார்ப்பேன், வாங்க" என்பது எனக்குப் பிடித்த பதில் அல்ல. "அது என் வேலை இல்லை, இன்னாரைப் பாருங்கள்" என்கிறவர் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வேறு பிரச்சினைக்கு உதவுவார்.

மொழியையும் யோசியுங்கள். எந்த மொழியில் உங்களுக்கு அழவும் திட்டவும் வருமோ அந்த மொழி தெரிந்தவர் கிடைத்தால், பட்டத்தில் ஒரு படி குறைந்தாலும் நான் அவரிடம்தான் போகச் சொல்வேன். அப்படிப்பட்டவர் பக்கத்தில் இல்லை என்றால் வீடியோவில் பார்க்கலாம். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் வீடியோ வழி சிகிச்சை நேரில் பார்ப்பதற்கு இணையாகவே வேலை செய்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு பேச ஒரு அறை இருந்தால் போதும்.

எத்தனை முறை பார்த்துவிட்டு முடிவு செய்வது? முதல் சந்திப்பை வைத்து முடிவு கட்டாதீர்கள், அது பெரும்பாலும் கதை கேட்கிற நாள். மூன்று நான்கு முறைக்குள் "இதைத்தான் செய்யப்போகிறோம்" என்ற திட்டம் வாயில் வந்திருக்க வேண்டும். 1986இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் பாதிப் பேருக்கு 8ஆவது சந்திப்புக்குள் அளவிடக்கூடிய முன்னேற்றம் தெரிந்தது. அதனால் எட்டு என்பது நின்று கணக்குப் பார்க்க நல்ல இடம். கணக்கு என்றால் நிஜமாகவே கணக்குதான். மனச்சோர்வை அளக்க பிஎச்க்யூ-9 என்று 9 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும், 0 முதல் 27 வரை மதிப்பெண், கூடக்கூட மோசம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே நிரப்பித் தேதி போட்டு வையுங்கள். 17இல் தொடங்கி எட்டாவது சந்திப்பிலும் 17 என்றால் அந்தத் தாளை எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

கஷ்டமான செஷனையும் பொருந்தாத ஆளையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நல்ல சிகிச்சையிலும் சில நாள் அடித்துப்போட்டதுபோல் வெளியே வருவீர்கள். ஏன் அந்த வலியைத் தொட்டார் என்று உங்களுக்குப் புரிந்தால் அது வேலை நடக்கிற வலி. கூனிக் குறுகி, வெட்கப்பட்டு, இனி இதை இவரிடம் சொல்லக் கூடாது என்று முடிவோடு வெளியே வந்தால் அது வேறு.

சில விஷயங்களுக்குப் பொறுமையே வேண்டாம். தொடுவது, காதல் பேச்சு, வெளியில் சந்திக்கக் கூப்பிடுவது: அன்றோடு நிறுத்திப் புகார் செய்யுங்கள். மற்றவர்கள் கதையைப் பெயரோடு சொல்கிறவர் உங்கள் கதையையும் சொல்வார். உங்கள் நேரத்தில் தன் கவலைகளைக் கொட்டுகிறவர், உறுதியாகக் குணமாக்குவேன் என்று சத்தியம் செய்கிறவர், மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொல்கிற மருத்துவர் அல்லாதவர், இவர்களிடமும் தங்க வேண்டாம். ரகசியத்துக்கு எல்லை எது என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை போன்றவற்றில் பெரும்பாலான இடங்களில் விதிவிலக்கு உண்டு.

இப்போது உங்களுக்கு. ரத்தப் பரிசோதனை, துண்டுச் சீட்டு இரண்டோடும் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். பழையவரிடமே போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பாதியில் நிறுத்தியதற்காக அவர் கோபப்படுகிறாரா, காரணம் கேட்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதியவர் என்றால் பழைய மருந்துச் சீட்டையும் எடுத்துப்போங்கள்.

தெரபிஸ்ட்டிடம் ஆறாவது முறை ஒன்று போங்கள், உட்கார்ந்ததும் சொல்லுங்கள்: "ஐந்து முறை பேசினது ஆறுதலாக இருந்தது. ஆனால் நாம் எங்கே போகிறோம் என்று எனக்குப் புரியலை. தூக்கத்துக்கும் படபடப்புக்கும் குறிப்பாக ஏதாவது செய்ய முடியுமா? இல்லை என்றால் யாரிடம் போகலாம்?" நேரில் வாய் வரவில்லை என்றால் முந்தின நாள் மெசேஜில் அனுப்பிவிடுங்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "இதைச் சொன்னது நல்லது, இன்றைக்கு இதையே பேசலாம்" என்றால் இன்னும் நாலு முறை கொடுங்கள். தலையாட்டிவிட்டு, "அப்புறம், இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்று பழையபடி ஆரம்பித்தால், அடுத்த தேதி வாங்காமல் எழுந்து வாருங்கள்.